மூன்று சுழிக் குணி

உங்களுக்கெல்லாம் முழங்கால் வலி என்று எனக்கு நன்றாகத் தெரியும். தினம் காலையில் நம் வாட்ஸ்ஆப் குழுவைத் திறந்தால் போதும், எந்தத் தைலத்தைத் தேய்த்தால் எத்தனை படி ஏற முடிகிறது என்று யாராவது ஒருத்தி எழுதியிருப்பாள். எனக்கும் வலிதான். ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகள் கல்யாணத்தில் நான் ஆடிய ஆட்டத்தை யாரோ படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, "அறுபது தாண்டியும் இந்தக் குதி குதிக்கிறியே, வெக்கமா இல்லையா? யாருடி உனக்குக் கத்துக் குடுத்தது?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் எல்லோரும் பெங்களூர் ஸ்ரீராம்புரத்துச் சந்துகளிலேயே பிறந்தவர்கள். பால் குடிக்கும்போதே தமிழும் கன்னடமும் பேசியவர்கள். நான் அப்படி இல்லை. ஒன்பது வயதில், அப்பாவுக்குப் பஞ்சு மில்லில் வேலை கிடைத்தபோது, ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து வந்து இறங்கியவள். கன்னடம் ஒரு சொல் தெரியாது. ஆனால் ஒரு வாரத்திலேயே அந்த மொழியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். கடையில் உப்பு கேட்டால் உப்பு கொடுத்தார்கள். பால் என்பதை ஹாலு என்றார்கள், பல்லை ஹல்லு என்றார்கள், பூவை ஹூவு என்றார்கள். ஆக, கன்னடம் என்பது தமிழேதான், சில இடத்தில் மட்டும் மூச்சு விட வேண்டும், அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். இந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு நான் பழத்தை ஹழம் என்றும் பாட்டை ஹாட்டு என்றும் சொல்லித் திரிந்ததற்கு உங்களில் சிலரே சாட்சி.

என்னை டான்ஸுக்கு அழைத்துப் போனது எதிர் வீட்டுப் பெண். அவளுக்குப் பத்து வயது, எனக்கு ஒரு வயது மூத்தவள் என்பதற்காக என்னை மேய்க்கும் உரிமை தனக்கு இருப்பதாக நினைத்தவள். ஒக்கலிபுரத்தில், ரயில் பாதையை ஒட்டி, ஒரு சங்கத்துக்காரர்களின் நீளமான அறை. தகரக் கூரை. சிவப்புச் சிமெண்ட் தரை, கால் வைத்தால் ஜில்லென்று இருக்கும். ரயில் போகும்போது ஜன்னல் கம்பிகள் எல்லாம் சேர்ந்து நடுங்கும். நவம்பரில், கன்னட மாநிலம் உருவான நாளான ராஜ்யோத்சவத்துக்குத் தெருவில் மேடை போடுவார்கள், அதில் எட்டுப் பெண்கள் கோலாட்டம் ஆட வேண்டும், ஒரு ஆள் குறைகிறது. அதனால் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

டீச்சருக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். எனக்குப் பெரிய மனுஷியாகத் தெரிந்தார். பகலில் ரெடிமேட் சட்டைகளுக்குக் காலர் தைக்கும் வேலை. மாலையில் நேராக அங்கிருந்து வருவார். புடவை முழுக்க வெள்ளை, நீலம், காக்கி என்று நூல் பிசிறுகள் ஒட்டியிருக்கும். ஆடும்போது அவை பறக்கும். நாங்கள் பிடித்துச் சேர்ப்போம். யாரிடம் சிவப்பு நூல் அதிகம் என்று போட்டி வேறு. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒரு டேப் ரெக்கார்டர், ஒரே ஒரு கேசட், பச்சையும் சிவப்பும் அடித்த பதினாறு கோல்கள். அந்த அறையில் இருந்ததெல்லாம் அவ்வளவுதான். ஆனால் அவர் இரண்டு கோலை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிய முதல் சத்தத்திலேயே எனக்கு வயிற்றுக்குள் ஏதோ எகிறிக் குதித்தது. இன்றைக்கும் எங்காவது கட்டையோடு கட்டை மோதும் சத்தம் கேட்டால் அது குதிக்கிறது.

டீச்சர் கன்னடக்காரர். தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. பாட்டை ஓட விட்டார். கையைத் தட்டி, "குணி! குணி!" என்றார்.

நான் குனிந்தேன்.

சிரிக்காதீர்கள். மூன்று சுழி ணகரமா இரண்டு சுழி னகரமா என்று அந்தத் தகரக் கூரைக்கு அடியில் யாருக்குக் கேட்கும்? என் இலக்கணப்படி அது சுத்தமான தமிழ். மூச்சுகூட விட வேண்டாத சொல். டீச்சர் மறுபடியும், "குணி, குணி!" என்றார். போதவில்லை போலிருக்கிறது என்று மூக்கு முழங்காலில் இடிக்கும்வரை குனிந்தேன். அவரோ நான் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குவதாக நினைத்து, பதறிப்போய் என் தோளைப் பிடித்துத் தூக்கி, தலையில் கை வைத்தார். எனக்கு ஒரே பெருமை.

எதிர் வீட்டுப் பெண் என் கையில் கோலைத் திணித்தாள். அவளைப் பார்த்து நானும் ஆட ஆரம்பித்தேன். ஆக, முறை இதுதான் என்று புரிந்துகொண்டேன்: டீச்சர் குனி என்பார், உடனே குனிய வேண்டும், பிறகு ஆட வேண்டும். மற்றவர்கள் குனியாமல் ஏமாற்றுகிறார்கள், நான் மட்டும்தான் ஒழுங்கு. மூன்று வாரம் இப்படியே போனது. டீச்சர் "குணி" என்றதும் ஏழு பேர் ஆடுவார்கள், நான் ஒரு குனி குனிந்துவிட்டு அரைத் தட்டு தாமதமாகப் பாய்ந்து வந்து சேர்ந்துகொள்வேன். அது என்னுடைய பாணி என்று டீச்சர் நினைத்தார். "சென்னாகிதே, சென்னாகிதே" என்று சிரிப்பார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதுவரை என்னிடம் எதுவும் நன்றாக இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. அந்த வார்த்தைக்காக நான் நாள் முழுக்கக் குனியத் தயாராக இருந்தேன்.

அந்த மூன்று வாரத்தை எப்படிச் சொல்வது! பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டம். தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு விரலால் தட்டிப் பார்ப்பது. தூக்கத்தில்கூட, "ஒந்து, எரடு, மூரு, நால்கு" என்று எண்ணுவேன் என்று அம்மா சொல்வாள். எதிர் வீட்டுப் பெண்தான் எனக்கு ஜோடி. அவள் கோலும் என் கோலும் சரியாக மோதும்போது மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஒரு அதிர்வு ஏறும். தவறினால் முட்டியில் விழும். என் இடது கை முட்டி இன்னும் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் அவரைக் கோபக்காரர் என்று மட்டும்தான் அறிவீர்கள். ஊரில் எங்கள் ஆட்கள் பெரிய தெரு வழியாகப் போனால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து போக வேண்டும். என் தாத்தா ஆயுசு முழுக்க அப்படித்தான் போனார். அப்பா ஒருநாள் நிமிர்ந்து போனார். அன்றைக்கு விழுந்த அடியின் தழும்பு அவர் தோளில் கடைசிவரை இருந்தது. பெங்களூருக்கு அவர் வந்ததே அந்தத் தெருவில் இனி நடக்கக்கூடாது என்பதற்காகத்தான். எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படமும், கோட்டுப் போட்ட தலைவரின் படமும் இருக்கும். குனி என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்காது. கீழே விழுந்த கரண்டியை எடுக்கச் சொல்வதற்குக்கூட அம்மா, "தரையில கெடக்குது பாரு" என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வாள். இதற்கெல்லாம் காரணம் எனக்கு அப்போது தெரியாது.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாக இருந்த நேரம் பார்த்து, பெருமை தாங்காமல் சொன்னேன்: "அப்பா, டான்ஸ்ல மிஸ் குனின்னு சொன்னா நான்தான் எல்லாரையும் விட நல்லா குனியறேன். வேற யாரும் குனிய மாட்டாங்க. நான் மட்டும்தான்."

குனிந்தும் காட்டினேன்.

அப்பா எழுந்து போய்க் கையைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய கையை.

மறுநாள் மாலை மில்லிலிருந்து நேராக ஒக்கலிபுரத்துக்கு வந்துவிட்டார். எங்கள் கெட்ட நேரம் பாருங்கள், அப்போது பார்த்து நாங்கள் எட்டுப் பேரும் கோலைத் தரையில் தட்டும் அடவில் இருந்தோம். எட்டு முதுகு. நடுவில் டீச்சர் நிமிர்ந்து நிற்கிறார். அப்பா வாசலில் நின்று பார்த்ததும் அதைத்தான்.

"ஏம்மா! எம் பொண்ணக் குனிய வெக்கறதுக்கு நீ யாரு?"

டீச்சருக்குத் திக்கென்றது. ஆனால் அவர் காதில் விழுந்தது வேறு. கன்னடத்தில் குணி என்றால் ஆடு என்று அர்த்தம். என் பெண்ணை ஆட வைக்க நீ யார் என்று இந்த மனுஷன் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னார்.

"குணியோக்கே தானே அவளு பந்திரோது?"

ஆடுவதற்குத்தானே அவள் வந்திருக்கிறாள் என்றார். அப்பாவுக்கு என்ன கேட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். குனிவதற்குத்தானே அவள் வந்திருக்கிறாள்! முகத்துக்கு நேராக, சிரித்துக்கொண்டே சொல்கிறாள்! அப்பா இரண்டு எட்டு முன்னால் வைத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் கையிலிருந்த கோல்களைப் பிடுங்கித் தரையில் வைத்தார், எறியக்கூட இல்லை, வைத்தார். என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். "இனிமே இந்தப் பக்கம் கால வெச்ச, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்." வீடு வரும்வரை என் மணிக்கட்டை விடவே இல்லை. எனக்கு வலியைவிட ஒன்றும் புரியாததுதான் பெரிய அழுகையாக வந்தது.

மறுநாள் காலை குழாயடியில் எதிர் வீட்டுப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "பைத்தியம்! குணின்னா கன்னடத்துல ஆடுன்னு அர்த்தம்டி! மூணு வாரமா அதுக்குத்தான் குனிஞ்சிகினு இருந்தியா? நான் என்னமோ உனக்கு இடுப்பு வலின்னு நெனச்சேன்."

குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அப்பா சட்டை போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். "யாரு சொல்லிக் குடுத்தா? அவளா?" என்றார். இல்லை, எதிர் வீட்டு அக்கா என்றேன். "எல்லாம் ஒரே கூட்டம்" என்று போய்விட்டார். அம்மா சொல்லிப் பார்த்தாள். "உனக்கு இன்னா தெரியும், நீ அவ மூஞ்சியப் பாக்கலயே" என்றார். ராஜ்யோத்சவத்துக்கு இன்னும் இரண்டு வாரம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மேடையில் நான் ஏறாவிட்டால் செத்துப்போவேன் என்றே நம்பினேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினேன்.

மூன்றாம் நாள் எதிர் வீட்டுப் பெண்ணோடு மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபோது டீச்சரைப் பார்த்தேன். ஓடி ஒளிந்துகொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. எதிர் வீட்டுப் பெண் ஏற்கெனவே அரைகுறையாக அவரிடம் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. டீச்சர் தன் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார், என் உயரத்துக்கு வருவதற்காக. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. உங்கள் அப்பா ஏன் கத்தினார் என்றும் கேட்கவில்லை.

"நினகே ஏனு கேளிஸ்து?" என்றார். உனக்கு என்ன கேட்டது?

நான் குனிந்து காட்டினேன். அவர் சிரித்தார் பாருங்கள், டப்பாவே ஆடியது, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்கு என்ன கேட்டது என்றார். எதிர் வீட்டுப் பெண் கன்னடத்தில் எடுத்துச் சொல்ல, எங்கள் வீட்டில் அந்தச் சொல் புழங்காது என்பதையும், அப்பாவின் தோளில் தழும்பு இருப்பதையும் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்பாவே வரட்டும், நான் வந்து பேசினால் இன்னொரு சண்டை ஆகும் என்று எதிர் வீட்டுப் பெண்ணை எனக்குச் சொல்லச் சொன்னார். வரிசை நகர்ந்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பொம்மசந்திராவில் மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்தேனே, அங்கே தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா என்று எல்லா ஊர்ப் பெண்களும் வந்தார்கள். நான் ஒன்று சொன்னால் ஒருத்தி வேறொன்று செய்து வைப்பாள். மேலே இருந்த ஆட்கள் எல்லாம், "எத்தனை தடவை சொல்றது?" என்று கத்துவார்கள். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சொன்னது உனக்கு என்னன்னு கேட்டுச்சு?" என்பேன். அதைத் தவிர எனக்கு வேறு மேனேஜ்மெண்ட் எதுவும் தெரியாது. ரிட்டயர் ஆன அன்று அந்தப் பெண்கள் என்னைச் சுற்றி நின்று அழுதார்கள். டீச்சரை நினைத்து நானும் அழுதேன். அவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. கல்யாணமாகித் தாவணகெரேப் பக்கம் போனவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். மூக்கைச் சிந்திவிட்டு வாருங்கள்.

ஒவ்வொரு நாள் மாலையும் எதிர் வீட்டுப் பெண் வந்து எனக்குச் சேதி சொல்வாள். "உன் எடத்துல யாரயும் நிறுத்தலடி. எத்தன பேரு கேட்டாங்க தெரியுமா? யாரயும் சேக்கல. ஏழு பேர வெச்சிகினே ஆட வெக்கிறாங்க. என் கோலு காத்த அடிக்குது. பேஜாரா இருக்குது, சீக்கிரம் வாடி."

அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமும் துக்கமும் ஒரே நேரத்தில் வந்தன. ஏழு பேர் ஆடும் கோலாட்டம் யாராவது பார்த்திருக்கிறீர்களா? விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, மேடையில் அந்தக் காலி இடத்தோடேயே ஆடப் போகிறார்களா என்று சங்கத்துச் செயலாளர் வேறு சத்தம் போட்டாராம். நாளைக்குள் ஆள் வராவிட்டால் இந்த ஆட்டமே வேண்டாம் என்றாராம்.

மறுநாள் மதியம்தான் மில் கேண்டீனில் அது நடந்தது. அப்பா இதைப் பிற்காலத்தில் நூறு தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் ஒரு வரி கூட்டி. டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு கன்னடக்காரத் தோழரிடம், மனசு கேட்காமல், "ஏம்பா, குனின்னா உங்க பாஷைல இன்னா?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் ஒரு நிமிஷம் யோசித்தாராம். எப்படித் தமிழில் சொல்வது என்று தெரியவில்லை. டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, எழுந்து, இடுப்பில் கை வைத்து, கேண்டீன் நடுவில் நான்கு சுற்று ஆடிக் காட்டிவிட்டு உட்கார்ந்தாராம். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்களாம். அப்பா மட்டும் தட்டவில்லை. அன்றைக்கு அவர் கொண்டுபோன சோறு அப்படியே திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. "கெளம்பு" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ரயில்வே பாலத்துக்கு அடியில் போகும்போதுதான் வாயைத் திறந்தார். "தப்புப் பண்ணிட்டேன்னு அவங்க பாஷைல எப்படிச் சொல்றது?" என் அப்பா என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. எதிர் வீட்டுப் பெண் சண்டைக்குச் சண்டை சொல்லும் சொல்லாயிற்றே, எனக்குத் தெரியாமல் இருக்குமா? "தப்பாய்த்து" என்றேன். வழியெல்லாம், "தப்பாய்த்து, தப்பாய்த்து" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

உள்ளே ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். என் இடம் காலியாக இருந்தது. அதை என் கண்ணால் பார்த்தபோது எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. அப்பா வாசலில் விறைப்பாக நின்று, மில்லில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வதைப் போல உரக்கச் சொன்னார்.

"தப்பாய்த்து மிஸ்!"

டீச்சர் அவரைப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். கோலை நீட்டிக் காலி இடத்தைக் காட்டி, "ஹோகி அல்லி நில்லு" என்றார். போய் அங்கே நில்.

என்னைத்தான் சொன்னார். ஆனால் நில்லு என்பது இரண்டு பாஷையிலும் நில்லுதான். அப்பாவுக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. தனக்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டார். தன்னைவிடச் சின்னவள், இத்தனை பிள்ளைகள் முன்னால், ஒருமையில் நில்லு என்கிறாள். மில் மேஸ்திரி ஒருமையில் பேசியதற்கே சட்டையைப் பிடித்தவர் அவர். அப்பா செருப்பைக் கழற்றினார். மூன்றடுக்கு டிபன் கேரியரைக் கையில் பிடித்தபடியே நேராக நடந்து போய், ஏழு பெண்களுக்கு நடுவில், காக்கிச் சட்டையும் தலையில் பஞ்சுமாக, என் இடத்தில் நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் திகைத்துப்போய் நின்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் மெதுவாக ஒரு குறும்பு வந்தது. குனிந்து டேப்பின் பொத்தானை அழுத்தினார். பாட்டு எழுந்தது. அப்பாவைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

"குணி!"

அப்பா ஆடினார். ஐயோ, எப்படி ஆடினார்! அவருக்குத் தெரிந்தது பறைக்கு முன்னால் ஆண்கள் ஆடும் ஆட்டம் மட்டும்தான். அதை அந்தக் கன்னடப் பாட்டுக்கு ஆடினார். தோள் ஏறி இறங்க, கால் சிமெண்ட் தரையில் தொம் தொம்மென்று விழ, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆடினார். எதிர் வீட்டுப் பெண் தன் முறை வந்ததும் வேறு வழி தெரியாமல் டிபன் கேரியரின் மேலேயே ஓங்கி அடித்தாள். டங்! மூடி தெறித்து, மதியச் சோறு தரையெல்லாம் சிதறியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே, விடாமல், அவருக்காக எண்ணினார். ஒந்து, எரடு, மூரு, நால்கு. அப்பாவும் சிரித்தார். பெங்களூருக்கு வந்த பிறகு அவர் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன். அடக்க முடியாமல் வாசலில் நின்று நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சுற்று முடிந்ததும் அவருக்கு இரைத்தது. நெற்றி வேர்வையில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கயே நின்னுகினு வேடிக்க பாத்தா எப்படி? உன் எடத்துல நான் எவ்ளோ நேரம்டி ஆடறது? வா!"

டீச்சர் பாட்டை நிறுத்தவில்லை. தன் கையிலிருந்த இரண்டு கோல்களையும் என் பக்கம் நீட்டினார். பாட்டில் இன்னும் பாதி மீதி இருந்தது. நான் ஓடினேன்.